குடிலுக்கு மண்ணை இப்போதே நனைத்து வை

அன்பு மகளுக்கு,

இந்தக் கிறிஸ்துமஸைக் குப்பை சேர்க்காமல் எளிமையாகக் கொண்டாடப் போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. ஆனால் அதற்காக வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் மரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. பி.வி.சி.யும் இரும்புக் கம்பியும் பின்னிக் கிடப்பதால் அதை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். உதிர்ந்து போகும்வரை வருஷா வருஷம் அதையே வை. இயற்கைக்கு உகந்தது என்று சொல்லி விற்கும் புது அலங்காரங்களும் உனக்கு வேண்டாம்.

உன் நேரம், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலுக்குப் போகட்டும். 1223-இல் கிரெச்சோ என்ற இத்தாலிய மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலுக்குத் தேவைப்பட்டவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். உனக்கும் களிமண்ணும் காய்ந்த புல்லும் போதும். மரத்தில் படர்ந்த பாசியை மட்டும் உரித்து வராதே; அது மெல்ல வளர்வது, சின்னப் பூச்சிகளுக்கு வீடும் அதுதான்.

சிலைகள் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம். உள்ளே கசக்கிய செய்தித்தாளை வைத்து, அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் மண்ணை அப்பு. காயும்போது மண் சுருங்கும். தாள் அதற்கு இடம் கொடுக்கும். கட்டையோ கல்லோ உள்ளே இருந்தால் இடம் கொடுக்காது, மேல்மண் வெடித்துவிடும். கை, தலை ஒட்டும் இடங்களை இரண்டு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்து. வழவழப்பாக விட்டு ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். முதல் இரண்டு நாள் துணி போட்டு மூடி, பிறகு நிழலில் ஒரு வாரம் காயவிடு. வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முந்திச் சுருங்கி விரிசல் விடும். விரிசல் விழுந்தால் ஊறவைத்த தாள்கூழை அதே மண்ணில் பிசைந்து பூசு.

சுட வேண்டாம், பெயின்டும் வேண்டாம். அப்போதுதான் அடுத்த வருஷம் உடைத்து, தாளை எடுத்துவிட்டு அதே மண்ணையே பிசையலாம். நனைக்குமுன் மண் முழுதும் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த கட்டி தண்ணீரில் தானே கரைந்துவிடும். பாதி ஈரமாக இருப்பது எத்தனை நாள் ஊறினாலும் கட்டியாகவே கிடக்கும்.

பரிசுகளைத் துணியில் கட்டிக் கொடு. சதுரத் துணியின் மூலைவிட்டம், பெட்டியின் நீளமான பக்கத்தைப்போல மூன்று மடங்கு இருந்தால் சரியாக வரும். 20 செ.மீ. பெட்டிக்கு 45 செ.மீ. சதுரம். பெட்டியின் பக்கங்கள் துணியின் மூலைகளைப் பார்க்கும்படி நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டை மடித்துப் போட்டு, மற்ற இரண்டையும் மேலே முடிச்சுப் போடு: முதலில் இடதை வலதின்மேல், அடுத்து வலதை இடதின்மேல். இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் முடிச்சு குறுக்கே திரும்பிக்கொள்ளும், பிடியும் தளரும். யாராவது உனக்குத் தாளில் சுற்றிக் கொடுத்தால் அதைக் கையில் கசக்கிப் பார். கசங்கியபடியே இருந்தால் வெறும் தாள். விரிந்துகொண்டால் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, காகிதக் குப்பையில் சேர்க்காதே. மினுக்குத்தூள் ஒட்டியதும் அப்படித்தான். அந்தத் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக். கழுவினால் சாக்கடை வழியாகத் தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

விளக்குக்கு ஒரு எல்.இ.டி. சரம் போதும், தூங்கப் போகும்போது அணைத்துவிடு. கழற்றியதும் அதை அட்டையில் சுற்றி வை. பந்தாகச் சுருட்டினால் அடுத்த வருஷம் சிக்கெடுக்க இழுக்கும்போது கம்பி உள்ளேயே அறுந்துபோகும், நல்ல சரமும் குப்பைக்குப் போகும்.

காய்வதற்கே ஒன்பது நாள் ஆகும் என்பதால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது அன்றே, மண்ணில் கை வைத்துவிடு. கன்னி மரியாவையும் சூசையப்பரையும் முதலில் செய். பாலன் இயேசுவைக் கடைசியாகச் செய்யலாம். சின்னது, சீக்கிரம் காயும்.

அன்புடன்,
அம்மா