நாள் குறிக்கும் முன் மண்ணைப் பாருங்கள்

கோலாலம்பூர் வட்டார ஆலயத் திருப்பணிக் குழுவினருக்கு,

வணக்கம். பழைய ஆலயத்தை ஒட்டிப் புது மண்டபம் எழுப்பப் பல குழுக்கள் நிதி திரட்டி வருகின்றன. மண்வேலை, பைலிங் (நிலத்தில் ஆழமாகத் தூண் இறக்குவது), தள மேற்பார்வை என்று கட்டுமானத்தில் இருக்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பூமி பூஜைக்கு நாள் பார்ப்பதற்கு முன் மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கிவிடுங்கள். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு வரும் அவசரத்தில் முதலில் அடிபடுவது அந்தப் பரிசோதனைதான்.

பத்துமலையில் நிமிர்ந்து நிற்கும் அதே சுண்ணாம்புக்கல்தான் நகரின் கணிசமான பகுதிக்கு அடியிலும் கிடக்கிறது. மேலே தரை சமமாக இருக்கும். கீழே பாறை ஊசிமுனைகளாக நிற்கும், இடையில் பொந்துகள் இருக்கும். ஒரு மூலையில் 6 மீட்டரில் பாறை தட்டும், நாலு எட்டு தள்ளி 20 மீட்டர் போனாலும் தட்டாது. அதற்கு மேல், வெள்ளீயம் தோண்டி எடுத்து முடித்த இடங்களில் தளர்ந்த மணலும் சேறும் நிரம்பியிருக்கும். ஆகவே ஒரே ஒரு துளை போட்டுவிட்டு 'மண் நல்ல மண்' என்று சொல்பவரை நம்பாதீர்கள். மூலைகளிலும் நடுவிலும் துளை வேண்டும். பாறை தட்டியவுடன் நிறுத்தாமல் உள்ளே சில மீட்டர் குடைந்து, அடியில் பொந்து இல்லையென்று உறுதி செய்ய வேண்டும்.

அறிக்கையில் 'என்' (N) என்று ஓர் எண் வரும். துளைக்குள் இறக்கிய சோதனைக் குழாயை 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு அடித்து, குழாய் கடைசி 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்பதே அது. களிமண்ணில் 4க்குக் கீழே இருந்தால் மண் இளகலானது. அந்த ஆழத்தில் அடித்தளத்தை உட்கார வைக்க எவராவது வரைந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

எங்களுக்குப் பெரும் கவலை, பழைய கருவறைப் பக்கம் தோண்டுவதுதான். பழைய சுவர்களின் அடித்தளம் பெரும்பாலும் ஆழமில்லாதது. அதன் அடிவிளிம்பிலிருந்து 45 பாகை சாய்வாகக் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். புதுக் குழி அந்தக் கோட்டுக்குள் நுழைந்தால், சுவரைத் தாங்கும் மண்ணையே எடுக்கிறோம் என்று பொருள். அங்கே மண் சரியாமல் தடுப்பு அடித்த பிறகே தோண்ட வேண்டும், அதுவும் துண்டு துண்டாக. குழியில் ஊறும் நீரை நாள்கணக்கில் பம்பு வைத்து இறைத்தால் சுற்றுப்புற நிலத்தடி நீர் இறங்கிச் சுவர் விரிசல் விடும். சுண்ணாம்புக்கல் பகுதியில் தரையே உள்வாங்கக்கூடும். வேலை தொடங்கும் முன் இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படமெடுங்கள். ஒவ்வொன்றின் குறுக்கிலும் ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் அன்றே தோண்டுவதை நிறுத்துங்கள்.

2017 அக்டோபரில் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்துச் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். நின்ற மண் நிற்கும் என்று எண்ணக் கூடாது. தோண்டிய மண்ணைக் குழியின் ஓரத்திலேயே குவிக்காதீர்கள். ஒரு கனமீட்டர் ஈரமண் ஏறக்குறைய 1.8 டன்.

மாலை மழைக்கு மறுநாள் குழியடியில் பூட்ஸ் தடம் பதிந்து, அதில் நீர் ஊறி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்த மேல்மண் குழைந்துவிட்டது, அதன்மேல் கான்கிரீட் ஊற்றக் கூடாது. கடைசி 150 மில்லிமீட்டரைத் தோண்டாமல் விட்டு, வானம் தெளிந்த காலையில் அதை வழித்தெடுத்து, அன்றே 50 மில்லிமீட்டர் தடிப்பில் மெலிந்த (சிமெண்ட் குறைவான) கான்கிரீட் போட்டு மூடிவிட வேண்டும். அளவுக்கு மீறித் தோண்டிய பள்ளத்தையும் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி எக்ஸ்கவேட்டர் வாளியால் தட்டிவிடுவது வேலையே அல்ல.

கணக்கிலும் கவனம் வேண்டும். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்றால் 360 கனமீட்டர். வெட்டிய களிமண் கால் பங்கு உப்பினால் லோரியில் ஏறுவது 450. பத்துக் கனமீட்டர் லோரிக்கு 45 நடை. விலை இந்த இரண்டில் எந்த அளவுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் தகராறு நிச்சயம்.

கட்டட வரைபடத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதே என்று எக்ஸ்கவேட்டரை இறக்கிவிடாதீர்கள். மண்வேலைக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடம் (டிபிகேஎல்) தனி அனுமதி வேண்டும். தோண்டும் இடத்தில் மின் கேபிளும் குடிநீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று முதலில் கையால் சோதனைக்குழி வெட்டிப் பாருங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் செலவுப் பட்டியலின் முதல் வரியாக மண் பரிசோதனையையும், இரண்டாவது வரியாகக் கருவறைச் சுவருக்கான தடுப்பையும் எழுதுங்கள். குருக்களிடம் நாள் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டுமானத் துறையில் பணிபுரியும் பக்தர்கள்