கட்டுப் போட்ட முகம்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய ‘அன்நோன் சோல்ஜர்’ படக்கதையைப் படித்து முடித்துவிட்டேன். அப்பா பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, "வேதாளர் மாதிரி இல்லையே" என்று வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஆப்பிரிக்கா, அந்த வேதாளர் காமிக்ஸில் முகமூடி போட்ட வெள்ளைக்காரர் காவல் காக்கும் கற்பனைக் காடுதான். இதில் இடம், வருஷம் எல்லாம் நிஜம். 2002, வடக்கு உகாண்டா, அச்சோலி மக்களின் ஊர்கள். கலகப் படைத் தலைவன் ஜோசப் கோனியின் ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிப் போய்த் துப்பாக்கி பிடிக்க வைத்த காலம்.

அமெரிக்காவில் வளர்ந்து டாக்டராகத் திரும்பிய மோசஸ் ல்வாங்கா, கொலை செய்த கையோடு தன் முகத்தைத் தானே சிதைத்துக்கொள்கிறான். அப்புறம் கட்டுப் போட்ட முகத்தோடுதான் அலைகிறான். வார்டிலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன்: அந்தப் புழுதியிலும் வெயிலிலும் டிரெஸ்ஸிங் மாற்றாமல் விட்டால் சீக்கிரமே சீழ் வைத்து நாறும், காய்ச்சலில் ஆள் படுத்துவிடுவான். சரி, ஹீரோ கதை, விட்டுவிடுவோம்.

படித்தபின் அந்த ஊரைப் பற்றித் தேடினேன். பொழுது சாய்ந்ததும் கிராமத்துப் பிள்ளைகள் பாயும் போர்வையுமாகக் குலு டவுனுக்கு நடப்பார்களாம், ஆயிரக்கணக்கில். வீட்டில் படுத்தால் கடத்திவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டிலோ ஆஸ்பத்திரி வளாகத்திலோ படுத்து, விடிந்ததும் திரும்பி நடக்க வேண்டும்.

அங்கே லாச்சோர் ஆஸ்பத்திரியில் மேத்யூ லுக்வியா என்று ஒரு டாக்டர் இருந்திருக்கிறார். 1989இல், புனித வெள்ளியன்று, கன்னியாஸ்திரீகளைப் பிடிக்க வந்தவர்களிடம் அவர்களுக்குப் பதிலாகத் தானே போயிருக்கிறார். ஒரு வாரம் காட்டில் நடக்கவைத்து அப்புறம்தான் விட்டார்களாம். 2000இல் எபோலா வந்தபோதும் நோயாளிகளை விட்டு நகரவில்லை. டிசம்பரில் அதிலேயே போய்விட்டார். டாக்டர் துப்பாக்கி எடுத்தால்தான் ஹீரோவா, செந்தில்?

கதாசிரியர் ஜோஷுவா டிசார்ட்டைக் குறை சொல்லவில்லை. உகாண்டாவுக்கே போய்க் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். மோசஸ் எத்தனை பேரைச் சுட்டாலும் அந்தப் போர் தீரவில்லை, அதை அவர் மூடி மறைக்கவும் இல்லை.

காங்கோவை வைத்து ஒரு ஹீரோ கதை எழுதப் போகிறேன் என்றாயே, அதற்காகத்தான் இவ்வளவும். இந்தத் தொடரிலேயே சில பகுதிகளைக் காங்கோக்காரர் பாட் மசியோனி வரைந்திருக்கிறார். உனக்கும் அப்படி ஒருவர் கிடைப்பாரா என்று விசாரி. இல்லாவிட்டால் அந்த நாட்டவர் ஒருவரிடமாவது காட்டிவிட்டு அச்சுக்குக் கொடு. ஆஸ்பத்திரிக் காட்சி எதுவானாலும் முதலில் எனக்கு அனுப்பு, தீபாவளிக்கு வரும்போது காட்டலாம் என்று தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா