நாலு வீட்டுக்கும் கை குடுத்த அத்தன பேருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

ஆவணி முகூர்த்தத்துல, நம்ம டிரஸ்டு மூலமா உங்க உதவியில எழும்புன நாலு வீட்டுலயும் பால் காய்ச்சியாச்சு. இத மொதல்ல சொல்லிட்டுத்தான் மத்ததச் சொல்லணும், ஏன்னா போன வருஷம் ஆடியில இருந்தே "என்னப்பா ஆச்சு, செவரு எழும்பிருச்சா, தளம் போட்டாச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. பணத்தக் குடுத்துட்டு அதோட மறந்து போகாம நீங்க கேட்டுக்கிட்டே இருந்தது எங்களுக்கு எவ்வளவு தெம்பா இருந்துச்சுன்னு சொல்லித் தீராது. காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான், தேவகோட்டைன்னு சுத்துப்பட்டு பூராவும் இருந்து உதவி வந்துச்சு, ஒவ்வொருத்தரையும் நேர்ல பாத்து கையப் புடிச்சுச் சொல்லணும்னுதான் ஆசை, அது முடியல, அதான் இந்த மடல். யாரு பேரையும் போடல, நெறைய பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்டீங்க, மிச்ச பேர மட்டும் போட்டா நல்லா இருக்காது. ஆனா படிக்கிறப்ப இது நம்மளத்தான் சொல்றாகன்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும்.

வசூலுக்கு வந்தப்ப பல பேரு கேட்ட கேள்வி, "அதான் கவர்மெண்டே வீடு குடுக்குதே, அப்பறம் டிரஸ்டு எதுக்கு"ன்னு. நியாயமான கேள்விதான், அன்னைக்கு வாசல்ல நின்னு அரைகுறையாச் சொன்னத இங்க முழுசாச் சொல்லிடுறேன். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடி வீட்டுக்கு மூணரை லட்சம், 2024 பட்ஜெட்டுல அறிவிச்சது, 2030க்குள்ள 8 லட்சம் வீடு கட்டணும்னு கணக்கு. பிரதமர் வீட்டுத் திட்டம்னா கிராமத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், அதுக்கு மேல தளம் போட மாநில அரசு தனியாக் குடுக்குது. ரெண்டுமே நல்ல திட்டம், குடிசையில இருந்தவங்க எத்தனையோ பேரு அதனாலதான் இன்னைக்கு காங்கிரீட்டுக்குக் கீழ படுக்குறாங்க, அதுல எங்களுக்குச் சந்தேகமே கெடையாது. ஆனா மூணரை லட்சத்த 360ஆல வகுத்துப் பாருங்க, சதுர அடிக்கு ஆயிரம் ரூபா கூட வரல, இன்னைக்கு செங்கல் என்ன வெலை, எம்-சாண்ட் லோடு என்ன வெலை, கொத்தனார் சம்பளம் என்னன்னு வீடு கட்டுன எல்லாருக்கும் தெரியும். அதுக்கும் மேல, அந்தப் பணம் மொத்தமாக் கைக்கு வராது, வேலை முடிய முடிய தவணை தவணையாத்தான் வரும். பேஸ்மட்டம், லிண்டல், தளம்னு ஒவ்வொரு கட்டமும் முடிச்சுக் காட்டி, ஆபீசர் வந்து பாத்து, போட்டோ ஏத்துனாத்தான் அடுத்த தவணை. தினக்கூலிக்குப் போற ஒரு குடும்பம் அந்த பேஸ்மட்டத்தப் போடுறதுக்கே காசுக்கு எங்க போகும்? நகைய வைக்கும், நகை இல்லன்னா வட்டிக்கு வாங்கும், அதுவும் கெடைக்கலன்னா வானம் தோண்டுன அஸ்திவாரக் குழியோட நின்னுரும். நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல பாதியில நின்னு கருவேல முள்ளு மொளைச்ச பேஸ்மட்டத்த நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க.

நீங்க குடுத்த பணம் போனது அந்த எடத்துக்குத்தான். முன்பணம். வானம் தோண்ட, கல்லு எறக்க, கம்பி வாங்க, தவணை வர்ற வரைக்கும் வேலை நிக்காம ஓட. அத அந்தக் குடும்பத்துக்கிட்ட திருப்பிக் கேக்குறதில்லன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணியிருந்தோம், நீங்களும் யாரும் திருப்பி எதிர்பாக்காமத்தான் குடுத்தீங்க.

அதனாலதான் பணம் சேக்க நாங்க வச்ச மொய் விருந்தப் பத்தி நான் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில மொய் விருந்து எப்படி நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், பத்திரிக்கை அடிச்சு, பந்தல் போட்டு, கெடாக்கறி ஆக்கிப் போட்டு, நோட்டுல எழுதி வாங்குறது, வாங்குன மொய்ய அவங்க விருந்து வைக்கிறப்ப சேத்துத் திருப்பிச் செய்யுறது. அந்த மாதிரி வீட்டுக்காக ஒரு விருந்து வச்சா என்னன்னு புதுவயல் அண்ணன் ஒருத்தர்தான் மொதல்ல சொன்னாரு. எங்களுக்கு ஒரே யோசனை, இது திரும்பி வராத மொய்யாச்சே, சனம் எழுதுமா, எழுதாம சாப்புட்டுட்டுப் போறதுக்குச் சங்கடப்படுமான்னு. வடகாட்டுப் பக்கமிருந்து மொய் எழுதிப் பழக்கப்பட்ட ஐயா ஒருத்தர் சும்மாவே வந்து உக்காந்தாரு, நோட்டுல மேல "இந்த மொய் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை"ன்னு அவரு கையால எழுதி ஒவ்வொருத்தருக்கும் அதப் படிச்சுக் காட்டிட்டுத்தான் பேர எழுதுனாரு. அம்பது ரூபா வச்சவங்க உண்டு, பேத்தி கையில பத்து ரூபா நோட்டக் குடுத்து விட்ட அப்பத்தா உண்டு. வயக்காட்டு வேலைக்குப் போயிட்டு அப்படியே சேறோட வந்து, சாப்புடாம மொய்ய மட்டும் எழுதிட்டு "நான் கறி திங்க வரலப்பா"ன்னு சொல்லிட்டுப் போன ஒரு பெரியவரு முகம் எனக்கு இன்னும் மறக்கல. அந்த நோட்டுல ஒரு பேரு கூட விடாம எங்க கமிட்டி மீட்டிங்ல உக்காந்து படிச்சோம். ஆட்டுக்கறி குடுத்தவங்க, அரிசி மூட்டை அனுப்புனவங்க, பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் வாடகை வாங்காதவங்க, எலை எடுத்துப் போட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, எல்லாருக்கும் எங்க கும்பிடு.

அடுத்தது தீபாவளிப் பலகாரம். நம்ம ஊரு ஆச்சிமாரு பலகாரத்துக்கு சொல்லவே வேணாம், ஆனா ஒரு வீட்டுக்குச் சுடுறது வேற, ஊருக்கே விக்கிற அளவுக்குச் சுடுறது வேற. பள்ளத்தூர்ல ஒரு ஆச்சி வருஷத்துல முக்காவாசி நாள் பூட்டியே கெடக்குற அவங்க வீட்டத் தெறந்து விட்டு, உள்பக்கம் இருக்குற ரெண்டாங்கட்டையும் மூணாங்கட்டையும் எங்ககிட்ட ஒப்படைச்சுட்டாக. கூட்டிப் பெருக்கி, வெறகடுப்பு மூட்டி, இருப்புச்சட்டி ஏத்தி, தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டைன்னு ராத்திரி பகலா நடந்துச்சு. மாவு பதம் பாத்தது எல்லாம் எழுபது வயசுக்கு மேல உள்ளவங்க, முறுக்கு பிழிஞ்சது காலேஜ் என்.எஸ்.எஸ் பிள்ளைங்க, ஓலைக் கொட்டான்ல வச்சுக் கட்டுனது மகளிர் குழு அக்காமாரு. அந்த ஆச்சி எங்ககிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டாக, "வித்த காசுல ஒரு அடுப்படிக்காச்சும் சிலாப்பு போட்டு விடுங்கப்பா, பொம்பளைக குனிஞ்சே ஆக்க வேணாம்"னு. ஆச்சி, நாலு வீட்டுலயும் நின்னு சமைக்கிற மாதிரி மேடை போட்டாச்சு, அடுத்த தடவ வர்றப்ப வந்து பாக்கணும்.

சிங்கப்பூர், மலேசியாவுல இருக்குற நம்ம ஊரு ஆளுக கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க அனுப்புறேன்னு சொன்னப்ப நாங்க பாதிப் பேருகிட்ட வேணாம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு, அது மனசு வராமச் சொன்னதுதான். இந்தியப் பாஸ்போர்ட்டு வச்சிருக்கவங்க சொந்த சம்பாத்தியத்துல பேங்கு வழியா அனுப்புனா வாங்கலாம், ஆனா அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டவங்க, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்குக் குடுக்குற ஓசிஐ கார்டு இருந்தாலும் சரி, அவங்க அனுப்புறது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வரும், அதுக்கு எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துப் பதிவு வேணும், நம்மள மாதிரி சின்ன டிரஸ்டுக்கிட்ட அது இல்ல. இதப் புரிஞ்சுக்கிட்டு கோவப்படாம, ஊருக்கு வந்தப்ப ஒரு நாள் முழுக்க நின்னு கல்லு சொமந்து குடுத்துட்டுப் போனவங்களுக்கு தனியா ஒரு நன்றி. அதே மாதிரி ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கமாக் குடுத்தா 80ஜி வரிச்சலுகை கெடைக்காதுன்னு சொன்ன ஒடனே சலிச்சுக்காம பேங்குக்குப் போய்ப் போட்டு விட்ட கடைக்கார அண்ணன்மாருக்கும்.

பொருளாக் குடுத்தவங்களப் பத்திச் சொல்லாம விட்டா இந்த மடலே பாதிதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் வியாபாரம் பண்றவங்க சில பேரு, இடிச்ச வீட்டுல இருந்து வந்த தேக்கு நெலை, கதவு, சன்னல் எல்லாம் குடுத்தாங்க. வெலைக்குப் போற சரக்குதான் அது, போகாத சரக்கத் தள்ளி விட்டாங்கன்னு யாரும் நெனைச்சிறாதீங்க. நம்ம வீடு சின்ன வீடு, அந்த நெலை ஒவ்வொன்னும் அகலமும் ஒசரமுமா இருந்துச்சு, ஆசாரி அண்ணன் ரெண்டு பேரு ஒக்காந்து அளவெடுத்து, வேலைப்பாடு சேதமாகாம அறுத்து சேத்துக் குடுத்தாங்க. எப்பவோ பர்மாவுல இருந்து கப்பல்ல வந்த மரம் இப்ப 360 சதுர அடி வீட்டுக்கு வாசலா நிக்குது, நெலை வச்ச அன்னைக்கு மஞ்சள் குங்குமம் வச்சு பூச்சுத்தி எல்லாரும் தொட்டுக் கும்புட்டாங்க.

ஆத்தங்குடி தரைக்கல்லு பட்டறைக்காரங்க லாட்டுல மிச்சமான கல்லு, கலர் கொஞ்சம் மாறுனது, பத்து கெடக்கும், இருபது கெடக்கும், எல்லாத்தையும் சேத்து அனுப்புனாங்க. அந்தக் கல்லு மிஷின்ல வர்றது இல்லன்னு வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்குச் சொல்றேன், கண்ணாடி மேல அச்ச வச்சு, கையால கலர ஊத்தி, மேல மணலும் சிமிட்டியும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுத்து, வெயில்ல காய வச்சு, ஒவ்வொன்னும் ஒருத்தர் கைபட்டு வர்றது. பல டிசைன் கலந்து இருந்ததால எப்படி ஒட்டுறதுன்னு கொத்தனாருக்கே மலைப்பா இருந்துச்சு, கடைசியில கல்லு ஒட்டுறதுக்கு அங்க இருந்தே ஒரு தம்பி வந்து தரையில பரப்பி வச்சு பாத்துப் பாத்து அடுக்குனாரு. இப்ப அந்தத் தரையப் பாத்தா கல்யாண வீட்டு ஜமுக்காளம் விரிச்ச மாதிரி இருக்கு. தேங்காண்ணெயத் தொட்டுத் தொடைச்சுக்கிட்டே இருங்க, நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்னு அவரு சொல்லிட்டுப் போனத வீட்டுக்காரங்க தவறாமச் செய்யுறாங்க.

தளம் போட்ட நாளு வைகாசி வெயில். தளம் போட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாது, நிறுத்துனா அந்த எணைப்புல பின்னாடி தண்ணி எறங்கும், அதனால விடியக்காலையில மிக்சர் மிஷின ஓட்ட ஆரம்பிச்சது முடியிற வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. சாரத்துல வரிசையா நின்னு சட்டி கைமாத்துனவங்கள்ல பேங்கு ஆபீசர் இருந்தாரு, டீச்சர் இருந்தாங்க, ஆட்டோ ஓட்டுற தம்பிங்க இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை லீவ விட்டுட்டு கூலி வாங்காம வந்த கொத்தனாருங்க, சித்தாளுங்க, கம்பி கட்டுறவங்க, சென்டரிங் பலகைக்கு வாடகை வேணாம்னு சொன்னவரு, இவங்களத்தான் நான் எல்லாருக்கும் மேல வைப்பேன். நமக்கு ஞாயித்துக்கிழமை போனா ஒரு லீவு போச்சு, அவ்வளவுதான், அவங்களுக்கு அது வாரம் பூரா ஒழைச்ச ஒடம்பு கேக்குற ஓய்வு. சாயங்காலம் திடீர்னு கோடை மழை எறங்குனப்ப, பக்கத்துல கல்யாண மண்டபத்துல இருந்து தார்ப்பாயத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தவங்க யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, நீங்க இதப் படிச்சா தயவு பண்ணி வந்து சொல்லுங்க.

தளம் போட்டதுக்கு அப்பறம் பாத்தி கட்டி தண்ணி நிறுத்துற வேலைய யாரும் பெருசாப் பேச மாட்டாங்க, ஆனா அந்த வெயில்ல பத்து நாளாச்சும் காயாமப் பாத்துக்கலன்னா போட்ட சிமிட்டி அத்தனையும் வீண். பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க போர்ல இருந்து ஓஸ் இழுத்து விட்டாங்க, கரண்டு இல்லாத நேரத்துல கொடத்துல மோந்து ஏணியில ஏறி ஊத்துனாங்க. அவங்களும் ஓட்டு வீட்டுலதான் இருக்காங்க.

வீடு வாங்குன குடும்பங்களுக்கும் நன்றி சொல்றோம், இதுல யாரும் ஆச்சரியப்பட வேணாம். நாலு பேருல ஒரு அக்கா வருஷக்கணக்கா சித்தாள் வேலைக்குப் போறவங்க, காரைக்குடியில எத்தனையோ மாடி வீட்டுக்குச் சட்டி தூக்குனவங்க. அவங்க வீட்டுத் தளத்துக்கு அவங்களே வரிசையில மொத ஆளா நின்னாங்க, உக்காருங்கன்னு சொன்னோம், கேக்கல. அது முடிஞ்ச கையோட அடுத்த வீட்டுத் தளத்துக்கும் வந்தாங்க, அதுக்கு அடுத்ததுக்கும் வந்தாங்க.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்ததாலதான் 1948ல அடிக்கல் நாட்டி 1953ல சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊருக்கு வந்துச்சுன்னு நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லி வளக்குறோம். அந்த ஊருல பத்து ரூபா குடுத்து விட்ட அப்பத்தாவையும் அதே வரிசையிலதான் நாங்க வைக்கிறோம், இத மனசாரச் சொல்றேன்.

வரவு செலவு முழுக்கணக்கும், பில்லோட, டிரஸ்டு ஆபீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம், சந்தேகம் இருந்தாக் கேக்கலாம், ரசீது வராதவங்க சொன்னா ஒடனே தர்றோம். பட்டா இருந்து, திட்டத்துல பேரு வந்தும் பேஸ்மட்டத்தோட நிக்கிற இன்னும் ரெண்டு குடும்பத்தப் பாத்து வச்சிருக்கோம், ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு தை பொறந்ததும் வேலைய ஆரம்பிக்கணும். தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு இடிக்க இந்தத் தடவையும் கை வேணும், போன தடவ முறுக்கு பிழிஞ்ச பிள்ளைங்க படிப்பு முடிச்சு வெளியூர் போயிட்டாங்க, புதுப் பிள்ளைங்க வந்தாச் சொல்லிக் குடுக்க ஆச்சிமாரு தயாரா இருக்காக.

இப்படிக்கு,
உங்க எல்லாருக்கும் கடமைப்பட்ட டிரஸ்டு தொண்டர்கள்,
காரைக்குடி