அந்த இருபது நிமிடத்தைக் குறைத்துவிடாதீர்கள்: இஸ்தான்புல் படகு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

இஸ்தான்புல் நகரப் படகுகளை நடத்தும் மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஊரில் பத்து நாள் தனியாகத் தங்கிவிட்டு வந்தவள் நான். வந்த பிறகும் மனசு காடிக்கோய் படகுத்துறையிலேயே நிற்கிறது. ஆசியக் கரைக்கும் ஐரோப்பியக் கரைக்கும் இடையே உங்கள் படகு கடலைக் கடக்கும் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இந்த மடல்.

தனியாகப் பயணம் போகிறவர்களுக்குப் பகல் ஒரு பிரச்சினையே இல்லை. அயா சோஃபியா, தோப்காபி அரண்மனை, பெரிய பஜார் என்று கால் ஓயும்வரை சுற்றலாம். பொழுது சாய்ந்த பிறகுதான் கஷ்டம். உணவகத்தில் 'எத்தனை பேர்?' என்று கேட்பார்கள். ஒற்றை விரலைக் காட்ட வேண்டும். நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். எனக்கு அந்த நேரத்தில் போக்கிடமாக இருந்தவை உங்கள் படகுகள்.

முதல் நாளே எமினோனு படகுத்துறையில் மாட்டிக்கொண்டேன். நகரப் பயணங்களுக்கான இஸ்தான்புல்கார்டில் காசு தீர்ந்திருந்தது. இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தியது. பின்னால் பெரிய வரிசை. எப்படி ஒதுங்குவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வேறொரு கார்டை வைத்தது. திரும்பினால், தலையில் முக்காடு, கையில் கீரைக்கட்டு எட்டிப்பார்க்கும் பை, என் அம்மா வயசில் ஒரு பெண்மணி. சில்லறையை எடுத்து நீட்டினேன். என் விரல்களை மடக்கி, அந்தக் காசை என் உள்ளங்கைக்குள்ளேயே வைத்து அழுத்திவிட்டு, கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட ஆளைக் காணோம். அவர் உங்கள் அன்றாடப் பயணி. அவருக்கு நான் சொல்ல நினைத்த நன்றியை உங்களிடம் சேர்ப்பிக்கிறேன்.

படகில் ஏறியதும் தேநீர்க்காரர் தட்டோடு வந்தார். இடை சிறுத்த அந்தக் கண்ணாடிக் குவளை, சின்னத் தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டி, பொம்மைக் கரண்டி. குவளையின் உடம்பைத் தொட முடியாது, சுடும். விளிம்பைத்தான் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த பையன் பிடித்துக் காட்டித்தான் அதுவும் தெரிந்தது. இஞ்சின் அதிர்வில் கரண்டி தட்டோடு கிணுகிணுவென்று தட்டிக்கொண்டே இருக்க, தேநீரின் மேல் வட்டம் வட்டமாகச் சிற்றலை ஓடியது. படகு துறையில் வந்து இடித்தபோது பாதித் தேநீர் தட்டில் கொட்டிவிட்டது. பையன் சிரித்தான், நானும் சிரித்தேன். அன்று நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் மாலை, பின்தளத்து பெஞ்சில் ஒரு பெரியவர். 'கிஸிம்' என்று கூப்பிட்டார். மகளே என்று அர்த்தமாம். எனக்குத் துருக்கி மொழியில் இருபது சொல்கூடத் தெரியாது. அது அவருக்கு ஒரு தடையாகவே இல்லை. படகு ஹைதர்பாஷா ரயில் நிலையத்தைக் கடக்கும்போது எழுந்து நின்றுகொண்டார். நூறாண்டைத் தாண்டிய அந்தக் கட்டடத்தின் கூரை 2010இல் தீப்பிடித்ததையும், 2013இல் அங்கே ரயில் நின்றுபோனதையும் நான் படித்திருந்தேன். அவர் காட்டியது வேறு. 'சிவாஸ்' என்றார், கடலில்லாத உள்நாட்டு ஊர். இடுப்பளவுக்குக் கையைத் தாழ்த்தி, நான் இவ்வளவுதான் இருந்தேன் என்று காட்டினார். பெட்டி தூக்குவதுபோல் தோளைச் சாய்த்தார். நிலையத்தின் படிகள் கடலை நோக்கி இறங்குகின்றன அல்லவா, அதைச் சுட்டி விரலாலேயே ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் நின்று இரண்டு கையையும் அகல விரித்து, கண்ணையும் விரித்தார். அவர் முதன்முதலாகக் கடலைப் பார்த்த இடம்.

துருக்கியின் ஆசியப் பகுதியான அனதோலியாவிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறிய எத்தனையோ பேருக்கு இஸ்தான்புல் அந்தப் படியில்தான் தொடங்கியது, அங்கிருந்து படகில்தான் ஐரோப்பியக் கரைக்குப் போனார்கள் என்பதையெல்லாம் நான் எந்த அருங்காட்சியகத்திலும் இப்படிப் பார்த்திருக்க முடியாது. பஸ்ஸாக இருந்தால் யாராவது ஒருவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்போம். படகில் இருவருமே கரை வரும்வரை போயாக வேண்டும். அந்த இருபது நிமிடம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆறாம் நாள் லோதோஸ் அடித்தது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காடிக்கோய் துறையின் பலகையில் வரிசையாக ஒரே சொல், 'இப்தால்'. அது பயண நேரமா, ஊரின் பெயரா என்று புரியாமல் அரைமணி நேரம் நின்றேன். ஒரு கல்லூரிப் பெண் தன் போனில் பேசி, மொழிபெயர்த்து நீட்டினாள்: 'ரத்து. காற்று. என்னோடு வா.' மெட்ரோவில் ஒரு நிறுத்தம் கூட்டிப்போய், கடலுக்கு அடியில் ஓடும் மர்மராய் ரயிலுக்கு மாறும் நடைமேடையைக் காட்டினாள். அந்த நிலையத்தின் பெயர் அய்ரிலிக் செஷ்மெசி, பிரிவின் நீரூற்று. மெக்காவுக்குப் புறப்படும் யாத்திரைக் கூட்டங்களை வழியனுப்பிய இடமாம். அவளும் அங்கேயே கையசைத்துவிட்டுப் போனாள்.

ஆசியக் கரையின் உஸ்குதாரிலிருந்து ஐரோப்பியக் கரையின் சிர்கேஜிக்கு ரயில் நாலே நிமிடத்தில் கடலைக் கடந்தது. ஆழமான இடத்தில் அறுபது மீட்டர் கீழே. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஜன்னலில் இருட்டு. எல்லோரும் போனைப் பார்த்தபடி இருந்தார்கள், நானும்தான். கண்ணாடியில் என் முகத்தைத் தவிர வேறொருவரையும் நான் பார்க்கவில்லை.

பிறகு ஒன்றைப் படித்தேன். இந்த ரயில், மெட்ரோ வேலைகளுக்காக 2004இல் யெனிகாபியில் தோண்டத் தொடங்கியபோது, பழைய தியோடோசியஸ் துறைமுகமே வெளிப்பட்டது. மண்ணுக்குள் 37 படகுகள். ஐந்தாம் நூற்றாண்டு முதலானவை. கடலுக்கு அடியில் வழி தேடியவர்கள் கைக்குப் படகுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. நான் அதை நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் உங்கள் ஊரில் படகுச் சேவை முறையாக நடக்கிறது. 1973இல் முதல் பாலம், 1988இல் இரண்டாவது, 2013இல் மர்மராய், 2016இல் மூன்றாவது பாலமும் கார் போகும் சுரங்கமும். ஒவ்வொன்று வந்தபோதும் கடல்வழியாகப் போகிறவர்களின் பங்கு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், படகை நடத்தக் காரணமே இல்லை என்றுதான் ஒருநாள் யாராவது எழுதிவைப்பார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதுப் படகு வாங்கும்போது எதிரெதிரே பார்த்து உட்காரும் பெஞ்சுகளை விட்டுவிடாதீர்கள். பஸ்போல ஒருவர் பிடரியை ஒருவர் பார்க்கும் வரிசை வேண்டாம். திறந்த பின்தளம் இருக்கட்டும். குளிரில்கூட அங்கே நிற்க ஆள் உண்டு, பார்த்தேன். தேநீரைக் காகிதக் கோப்பைக்கு மாற்றாதீர்கள். கண்ணாடிக் குவளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பதால்தான் அந்தத் தேநீர்க்காரர் என்னிடம் இரண்டாம் முறை வந்தார், எந்த ஊர் என்று கேட்டார். இரவு நேரப் படகுகளையும் குறைக்க வேண்டாம். தனியாக இருப்பவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது அந்த நேரம்தான். அப்புறம், காற்றடிக்கும் நாளில் 'இப்தால்' என்ற சொல்லோடு, குறுக்கே கோடு போட்ட ஒரு படகுப் படத்தையும் பலகையில் காட்டினால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. படியிறங்கி வந்த சிறுவனோடு யார் இருந்தார், பெட்டியில் என்ன இருந்தது, எதுவும் தெரியாது. துருக்கி படிக்க ஆரம்பித்திருக்கிறேன். மறுபடி வந்தால், சாயங்காலப் படகில், ஹைதர்பாஷா தெரியும் பக்கத்து பெஞ்சில்தான் முதலில் தேடுவேன்.

இப்படிக்கு,
பத்து நாள் உங்கள் படகில் போய்வந்த ஒரு பயணி