மாமாவின் றலி ஓடுகிறது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். மாரி மழை விட்டுவிட்டுப் பெய்து, இப்போதுதான் முற்றம் காய்ந்திருக்கிறது. மாமிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. காலையில் கோயில் வரை நடந்து போய் வருகிறார். மற்ற ஊர்ச் செய்திகள் பிறகு. உனக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மாமாவின் றலி சைக்கிள் ஓடுகிறது.

போன வருடம் மாமி அதை என்னிடம் தந்தபோது இருந்த நிலையை நான் உனக்கு முழுதாக எழுதவில்லை, நீ மனம் வருந்துவாய் என்று. மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தானே. அதற்கு முன் எத்தனை வருடம் மாமா அந்தச் சைக்கிளைப் படகுப் பாதையில் ஏற்றி, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போய் வந்தார்! வாவித் தண்ணீரும் கடற்காற்றும் அதன் எலும்பு வரை இறங்கியிருந்தன. மிதிகளின் கைகளான கிராங்குகளைத் தாங்கும் அச்சு இறுகிப்போய், மிதியைச் சுற்றினால் மணல் அரைபடுவது போல ஒரு சத்தம். முதலில் கடைக்குத்தான் கொண்டுபோனேன். பெடியன், கிராங்கை அச்சோடு பூட்டும் சிறு ஆப்பான கொட்டர் பின்னைப் பார்த்தவுடனே பெரிய சுத்தியலை எடுத்தான். நான் கையைப் பிடித்துத் தடுத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன்மேல் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இருபது சைக்கிள் பார்க்கிறவன் அவன், அவனுக்கென்று அதற்கான கருவியை யாரும் கொடுக்கவில்லை. ஆனால் கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் அடிக்கும் ஒவ்வோர் அடியும் அச்சின் வழியே போய் உள்ளே இருக்கும் குண்டுகளில்தான் இறங்கும். குண்டு ஓடும் கிண்ணத்தில் பள்ளம் விழும். பின்னின் திருகுப் புரி உள்ள முனை காளான் போல விரிந்து, பிறகு எதற்கும் அசையாது.

அன்றிரவே கருவியை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். மூடிப்போன ஒரு பட்டறையில் வாங்கிய பழைய கடைசல் இயந்திரம் பின்பக்கக் கொட்டிலில் இருப்பது உனக்குத் தெரியும். இங்கிலாந்தில் செய்தது. மோட்டாரை மட்டும் வீட்டு மின்சாரத்துக்கு ஏற்றபடி மாற்றினேன். உளியை நகர்த்தும் அதன் நீண்ட திருகில் அங்குலத்துக்கு 8 புரி. மில்லிமீற்றர் கணக்கில் புரி வெட்ட வேண்டுமென்றால் 127 பல் கொண்ட சக்கரம் வேண்டும், ஏனென்றால் ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீற்றர். என்னிடம் அது இல்லை. பழைய றலிக்கோ அது தேவையே இல்லை. இரண்டும் அங்குலத்தில் பிறந்தவை.

கொட்டர் பின்னை அழுத்தித் தள்ளும் கருவிதான் முதலில். ‘ப’ எழுத்தைப் போன்ற ஓர் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். ஒரு கையில் புரி வெட்டி, தடித்த போல்ட் ஒன்று வரும். மறு கையில் பின்னின் தலை நுழைந்து போக 12 மில்லிமீற்றர் துளை. கிராங்கை நடுவில் வைத்துப் போல்ட்டை இறுக்கினால் முழு விசையும் பின்னில் மட்டும் விழும், குண்டுகளுக்கு எதுவும் போகாது. முதல் சட்டத்தை 10 மில்லிமீற்றர் தகட்டில் செய்தேன். இறுக்க இறுக்க அதன் இரண்டு கைகளும் விரிந்து ‘ப’ மெல்ல மெல்லக் குலைந்தது. பின் அசையவே இல்லை. இரண்டாவதை 25 மில்லிமீற்றர் தகட்டில் வெட்டுவித்தேன். போல்ட்டின் முனையை உழவு இயந்திரத்தின் பழைய பின் ஒன்றிலிருந்து கடைந்து, பதம் ஏற்றிப் பொருத்தினேன். புரிக்குக் கிறீஸ் பூசி, நீளக் கைபிடி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கால்சுற்றுக் கால்சுற்றாக இறுக்கினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். பின் நழுவி என் உள்ளங்கையில் விழுந்தது, புரி கூடச் சிதையாமல். மாமாவே அதைப் போட்டிருப்பாரோ என்று அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன்.

அடுத்தது வலப்பக்கக் கிண்ணம். அது இடப்புரி, வழக்கத்துக்கு மாறாக இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். ஒன்பதாம் வகுப்பில் உன் சைக்கிளின் இடது மிதியைக் கழற்றுகிறோம் என்று நாம் இருவரும் சாவியில் தொங்கித் தொங்கி அதை இன்னும் இறுக்கி வைத்தோமே, அதே கதை. ஒரு பென்சிலைக் கைமுட்டிக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் மறுமுனையை வட்டமாகச் சுற்றிப் பார்; பென்சில் எதிர்த்திசையில் தானாக உருளும். மிதிக்கும்போது அப்படித்தான் அந்தப் பகுதிகள் தாமாக நகரப் பார்க்கின்றன. அதனால்தான் அங்கே இடப்புரி வைத்தார்கள்.

அந்தக் கிண்ணத்தைக் கழற்றும் வழி என்னுடையது இல்லை. 2008இல் காலமான ஷெல்டன் பிரவுன் என்ற அமெரிக்க சைக்கிள் திருத்துநர் எழுதிவைத்தது. கிண்ணத்தின் துளைக்குள் தடித்த போல்ட் ஒன்றை விட்டு, இரு பக்கமும் வளையம் வைத்து நட்டால் இறுக்க வேண்டும். வலப்பக்கமிருந்து பார்த்தால் நாம் இறுக்கும் திசையும் இடப்புரி கழலும் திசையும் ஒன்றே. ஆகவே இறுக்க இறுக்க முதலில் பிடி ஏறும், பிறகு கிண்ணமே சேர்ந்து சுழன்று வெளியே வரும். வளையங்களைக் கிண்ணத்தின் அளவுக்குக் கடைந்தேன். மூன்று நாள் டீசலில் ஊறவைத்தபின் அது வந்துவிட்டது.

இனி எழுதப்போவதை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. கிண்ணம் பொருந்தும் குழலின் உள்ளே புரி முழுக்கத் துரு. அதைத் துலக்க ஒரு புரிவெட்டி செய்ய நினைத்தேன். ஆங்கிலேயச் சைக்கிள்களுக்குப் பொதுவான அளவு 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. வேர்னியர் அளவுகோலை வைத்து விட்டத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. 24 என்பது 8இன் மடங்கு. இயந்திரத்தின் நீண்ட திருகை எங்கே பிடித்தாலும் உளி அதே தடத்தில் விழும். ஒரு மாலையில் வெட்டி முடித்துவிட்டேன். குழலில் வைத்துத் திருகினேன். கடினமாகத்தான் போனது. துரு தடுக்கிறது என்று எண்ணி இன்னும் அழுத்தினேன். செந்நிறப் பொடி கொட்ட வேண்டிய இடத்தில் வெள்ளி போல மின்னும் சீவல் ஒன்று சுருண்டு வந்தது. அது துரு இல்லை மச்சான். உன் அப்பாவின் சைக்கிளின் இரும்பு.

உடனே நிறுத்தினேன். கழற்றிய கிண்ணம் மேசையில்தான் கிடந்தது. அதன் மேல் அளவுகோலை வைத்து எண்ணினேன்: அரை அங்குலத்தில் 13 புரி. றலி தன் சைக்கிள்களுக்குத் தனக்கென்று 26 புரியே வைத்திருந்தது. விட்டத்தில் வேறுபாடு 1.37க்கும் 1.375க்கும் இடையே மட்டும், ஒரு முடியின் தடிப்பு. வேர்னியரை நம்பியவன் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். முதல் இரண்டு புரி கிழிந்துவிட்டது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் 20 பல், 65 பல் சக்கரங்களை மாட்டி 26 புரிக்கு அமைத்தேன். 26 எட்டின் மடங்கு இல்லை என்பதால் பிடியை விட்டால் தடம் தப்பிவிடும். ஆகவே மோட்டாரை நிறுத்திவிட்டு, இரும்பைப் பிடித்திருக்கும் ‘சக்’கைக் கையாலேயே முன்னும் பின்னும் சுற்றி, நூலளவு நூலளவாக வெட்டினேன். பிறகு அரத்தால் நான்கு பள்ளம். சிரட்டைக்கரி மூட்டி, காற்றூதியால் ஊதி, செர்ரிப் பழ நிறத்துக்கு இரும்பைக் காய்ச்சினேன். காந்தம் ஒட்டாமல் போகும் வரை காய்ச்சி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, பழைய எஞ்சின் ஒயிலில் இறக்க வேண்டும். இறக்கியதும் அரத்தை வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் போல வழுக்கியது. அப்படியே விட்டால் ஒரு தட்டில் உடைந்துவிடும். மேற்பரப்பை மினுக்கி, சட்டியில் மணலைச் சுட வைத்து அதன்மேல் வைத்துக் காத்திருந்தேன். வெண்மையில் மெல்லிய வைக்கோல் மஞ்சள் படரத் தொடங்கும். அந்த நிறம் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். கபிலமாகி, ஊதாவுக்குப் போனால் வெட்டும் முனைக்கு மென்மை கூடிவிடும். அந்த மஞ்சள் படரும் ஒரு நிமிடத்துக்காகவே இந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த முறை சிவந்த பொடிதான் வந்தது. கிழிந்த இரண்டு புரி போக மீதி எல்லாம் சுத்தமாகப் பிடிக்கின்றன. மாமாவின் கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருந்ததால், ஆரையம்பதியில் ஒரு பெரியவர் வைத்திருந்த உடைந்த றலியிலிருந்து நல்ல கிண்ணம் ஒன்று எடுத்தேன். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்குப் பதினொன்றாகப் புதிதாகப் போட்டிருக்கிறேன். பின் சில்லில் சங்கிலி ஓடும் பல்சக்கரமான பிறீவீலைக் கழற்ற இரண்டு பல் வைத்த சாவியும் செய்தேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அச்சு நட்டால் சாவியை அழுத்திப் பிடித்து வைத்தால் நழுவாது.

2022இல் பெற்றோல் வரிசை நீண்ட காலத்தில் எத்தனை வீட்டில் பழைய சைக்கிள்கள் பரணிலிருந்து இறங்கின! அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. கொட்டர் பின் கருவியை அந்தக் கடைப் பெடியனிடமே கொடுத்துவிட்டேன். எனக்கு இன்னொன்று செய்துகொள்வேன். அவன் அதைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

உன்னிடம் ஒரு உதவி. நீ இருக்கும் இடத்திலிருந்து றலி செய்த நொட்டிங்ஹாம் எவ்வளவு தூரமோ தெரியாது. அங்கே பழைய சைக்கிள் சாமான் விற்கும் இடம் இருந்தால் 9.5 மில்லிமீற்றர் கொட்டர் பின் நாலைந்து வாங்கு. எனக்கு இங்கே கிடைத்தவை மென்மையானவை, ஒரு மாதத்தில் நசிந்துவிடுகின்றன. கொக்கட்டிச்சோலைத் தேருக்கு வருவாய் என்று எழுதியிருக்கிறாயே, அப்போது கையோடு கொண்டு வா. முன் சில்லின் அச்சில் குண்டுகளை அணைத்து நிற்கும் கோனை இறுக்க 2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சாவி வேண்டும். தகடு வைஸில் இருக்கிறது, நாளைக்கு அராவி முடிப்பேன். நீ வரும்போது மண்முனைப் பாலத்தால் நீயே ஓட்டிப் போகலாம். சீட்டின் உயரத்தை நான் மாற்றவில்லை.

மாமியும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் மச்சான்