அடையாறு முகத்துவார மணல் திட்டில் கரைப்பறவைகளுக்குச் சில மணி நேர அமைதி வேண்டி மனு

அனுப்புநர்
அடையாறு, பெசன்ட் நகர் பகுதிப் பறவை ஆர்வலர்கள்,
சென்னை.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, கடல் ஏறியிருக்கும் நேரத்தில் முகத்துவார மணல் திட்டில் வண்டிகளையும் ட்ரோன்களையும் தடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உடைந்த பாலத்துக்கு அப்பால், அடையாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அதன் வடிவம் மாறும். விடுமுறை நாட்களில் விடிவதற்குள் பைனாகுலரோடு அங்கே போய் நிற்கிறவர்கள் நாங்கள். எங்களில் வங்கி ஊழியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் உண்டு.

நாங்கள் தேடுவது அரிய பறவைகளை. கோடியக்கரையில் முன்பு பதிவான கரண்டிமூக்கு உள்ளான் இன்று உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். அது இங்கே வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை, தெரியும். ஆனாலும் அதன் சாயலில் இருக்கும் சின்னக் கரைப்பறவையான கொசு உள்ளான் நூறு நின்றால் நூறின் மூக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான், அரியது வராவிட்டாலும் வழக்கமாக வருகிறவற்றின் பாடு எங்களுக்குப் புரிந்தது.

கொசு உள்ளான் ஒன்றின் எடை ஏறக்குறைய 25 கிராம். ஒரு தோசைக்கு ஊற்றும் மாவுகூட அதைவிட அதிகம். அது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. கடல் வற்றும்போது ஈரச் சேற்றில் அம்மி கொத்துவது போல விடாமல் கொத்தித் தின்னும். கடல் ஏறினால் சேறு மூழ்கிவிடும். அப்போது அதற்கு வேண்டியதெல்லாம் நனையாத, நான்கு பக்கமும் பார்வை படும் வெட்டவெளி மணல். அங்கே நின்று தூங்கி, தின்றதைக் கொழுப்பாகச் சேர்த்தால்தான் கோடை தொடங்கும்போது திரும்பிப் பறக்க முடியும். ஊர் நெருங்கிவிட்ட இந்தக் கரையில் அப்படிப்பட்ட மணல் அதிகம் மிஞ்சவில்லை.

சென்ற பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை. கடல் நன்றாக ஏறியிருந்தது. திட்டின் முதுகில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஒற்றைக் காலில், காற்று வரும் பக்கம் முகம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. பாலத்தில் ஒரு கல்யாண போட்டோ ஷூட். ட்ரோன் மேலே ஏறியதும் கூட்டம் மொத்தமும் எழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றி இறங்கப் பார்த்தது. ட்ரோன் தாழ்ந்து வந்தது. மறுபடி எழுந்தது. நான்காவது தடவைக்குப் பிறகு தெற்கே போனது திரும்பவே இல்லை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் குறை சொல்ல முடியுமா? அங்கே பறவை தூங்குகிறது என்று சொல்ல ஒரு போர்டுகூட இல்லையே. ஆனால் மணலில் வட்டமடிக்கும் பைக்குகளை அப்படி மன்னிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஏப்ரலில் ஓர் ஆள்காட்டிப் பறவையின் முட்டைகளுக்கு நான்கு விரல் தள்ளி டயர் தடத்தைப் பார்த்தோம். கூடு என்று எதுவும் கிடையாது. மணலில் சின்னக் குழி, மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டைகள். வண்டியில் வருகிறவர் கண்ணுக்குப் படாது. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையாடுவதற்குச் சமம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. ஏதாவது அரிய பறவை வந்துவிட்டதாகத் தகவல் பரவினால் பத்துப் பேர் கேமராவோடு கிட்டே போய்விடுகிறோம். ஆகவே நாங்கள் கேட்கும் தடை எங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேட்பது பெரிதில்லை. கடல் உச்சத்துக்கு ஏறும் நேரம் இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் முன்கூட்டியே கிடைக்கிறது. அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம், பகல் வேளையில் மட்டும், திட்டின் மேல் வண்டி, ட்ரோன், படப்பிடிப்பு வேண்டாம். அந்தந்த வாரத்தின் நேரத்தை எழுதிப் பாலத்தின் இரு முனையிலும் தமிழில் ஒரு பலகை வைத்தால் போதும். பலகையில் எழுதுகிற வேலையை நாங்களே செய்கிறோம். ஆமை முட்டையிடும் மாதங்களில் கடற்கரை விளக்குகளை அணைத்து வைக்கப் பழகிய நகரம் இது, இதையும் பழகிக்கொள்ளும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம், சீனிவாசபுரம் மீனவர்களுக்கு இந்தத் தடை பொருந்தக் கூடாது. வீச்சு வலையோடு தண்ணீரோரம் நடக்கும் ஒருவரைக் கண்டு பறவைகள் பத்தடி நகர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். பறவையின் பெயரைச் சொல்லி வேலி போட்டு அவர்கள் வழியை அடைப்பதானால் இந்த மனுவைத் தள்ளுபடி செய்துவிடுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம். அதேபோல, அழகுபடுத்துகிறோம் என்று நடைபாதைக் கல்லும் உயர் கோபுர விளக்கும் அங்கே வேண்டாம். முகத்துவாரத்தைத் தூர்வாருவதற்கும் நாங்கள் எதிரியில்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அள்ளும் மணலைத் திட்டின் சேற்றுப் பக்கம் கொட்டாமல் இருந்தால் சரி.

2024-இல் உலக அளவில் 16 கரைப்பறவை இனங்களின் அபாய நிலை உயர்த்தப்பட்டது. அவற்றில் சில இந்தத் திட்டுக்கு வருபவை. வரும் அக்டோபருக்குள் வனத்துறை, மாநகராட்சி, காவல்துறை அலுவலர்களோடு ஒருமுறை கடல் ஏறும் நேரத்தில் தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டுகிறோம். தூரத்துப் பறவையைப் பார்க்கும் ஸ்கோப்பை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
பறவை ஆர்வலர்கள்

இணைப்பு: திட்டில் பறவைகள் தங்கும் இடத்தைக் குறித்த கைவரைபடம்