சுழற்றிய வடிவத்தின் அளவை மாற்றினால் அது இடம்பெயர்ந்துவிடுகிறது: தங்கள் கேன்வாஸ் லைப்ரரி குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் கேன்வாஸ் வரைதல் லைப்ரரிக்கு வணிக உரிமம் பெற்றுள்ள வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வடிவங்களைத் திருத்தும் பகுதியில் உள்ள குறைகளைக் களையவும், மூடப்பட்ட புகாரை மீண்டும் திறக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அறைகளின் தள அமைப்பை வரைவதற்கான மென்பொருள் ஒன்றை உருவாக்கும் குழுவில் நான் புரோகிராமர். சுவர், கதவு, மேசை, அலமாரி என ஒவ்வொன்றையும் பயனர் திரையில் வைப்பார், இழுப்பார், திருப்புவார், நீட்டுவார், குறுக்குவார். எங்கள் மென்பொருளின் உயிரே அதில்தான் இருக்கிறது. அந்த வேலைக்காகவே, ஆயத்த நிரல்களின் தொகுப்பாகிய தங்கள் லைப்ரரிக்கு உரிமம் வாங்கினோம். வடிவங்களைத் தொட்டுத் திருத்தும் வசதி முழுமையாக உண்டு என்று தங்கள் விளக்கக் குறிப்பு உறுதி கூறியிருந்தது. அந்த உறுதி காப்பாற்றப்படவில்லை.

பிரௌசரில் படம் வரைவதற்கான பரப்பாகிய கேன்வாஸைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் ஏமாற்றம் புரிய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேன்வாஸில் ஒரு செவ்வகத்தை வரைந்தால், வரைந்த கணமே கேன்வாஸ் அதை மறந்துவிடுகிறது. மிஞ்சுவது பிக்சல்கள் மட்டுமே. எந்த வடிவம் எங்கே இருக்கிறது, எது மேலே, எது கீழே, பயனர் அழுத்திய புள்ளி எதன்மீது பட்டது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு முழுக்க லைப்ரரியினுடையது. அந்தப் பொறுப்பைச் சுமப்பதற்காகத்தான் தங்களுக்குப் பணம் கட்டுகிறோம். வெறுமனே கோடு இழுக்கவும் வண்ணம் நிரப்பவும் பிரௌசரே போதும்.

முதன்மையான குறைக்கு வருகிறேன். சுழற்றப்படாத செவ்வகத்தின் அளவை மாற்றினால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அதையே சற்றுச் சுழற்றிவிட்டு, ஒரு பக்கத்துக் கைப்பிடியை (அளவை மாற்றுவதற்காக விளிம்பில் தெரியும் சிறு சதுரத்தை) பிடித்து இழுத்தால், எதிர்ப்பக்கம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கதவின் கைப்பிடியை இழுத்தால் கீல் பெயர்ந்துகொண்டு வருவதைப் போல, பயனர் தொடாத பக்கம் தானாக நகர்கிறது.

சந்தேகமிருந்தால் தங்கள் பொறியாளர்கள் ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும். 200 பிக்சல் அகலமும் 100 பிக்சல் உயரமும் உள்ள செவ்வகத்தைக் கடிகாரச் சுற்றில் 30 டிகிரி திருப்புங்கள். வலப்பக்க நடுக் கைப்பிடியை, செவ்வகம் சாய்ந்திருக்கும் அதே திசையில் 60 பிக்சல் இழுத்து அகலத்தை 260 ஆக்குங்கள். இடப்பக்கம் இம்மியும் அசையக் கூடாது. தங்கள் லைப்ரரியிலோ அது வலப்புறமாக 4 பிக்சலும் மேல்நோக்கி 15 பிக்சலும் விலகிப் போகிறது. 90 டிகிரி திருப்பிவிட்டு இதையே செய்தால் விலகல் 42 பிக்சல் ஆகிறது. 180 டிகிரியில் நடப்பதை நம்பவே முடியாது: இழுத்த பக்கம் இருந்த இடத்திலேயே இருக்க, இழுக்காத பக்கம் 60 பிக்சல் ஓடுகிறது!

காரணம் மர்மமானதும் அல்ல. தங்கள் லைப்ரரி ஒவ்வொரு செவ்வகத்துக்கும், சுழற்றுவதற்கு முன் இருந்த மேல் இடது மூலையையும் அகலம், உயரம், கோணம் ஆகியவற்றையும் சேமிக்கிறது. வரையும்போது நடுப்புள்ளியை மையமாக வைத்துச் சுழற்றுகிறது. இதில் தவறில்லை. அகலம் 60 கூடும்போது நடுப்புள்ளி அதில் பாதி, அதாவது 30 பிக்சல் நகர வேண்டும். அந்த 30 பிக்சல், செவ்வகம் சாய்ந்துள்ள திசையில் அமைய வேண்டும்: 30 டிகிரியின் கொசைனால் பெருக்கினால் கிடைமட்டமாக ஏறத்தாழ 26, சைனால் பெருக்கினால் செங்குத்தாக 15. தங்கள் நிரலோ 30 பிக்சலையும் கிடைமட்டமாகவே நகர்த்துகிறது. 30க்கும் 26க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 4 பிக்சல். செங்குத்தாக நகராமல் விட்டதுதான் அந்த 15.

தீர்வும் சில வரிகளில் அடங்கும். இழுக்கத் தொடங்கும்போதே எதிர்ப்பக்க நடுப்புள்ளி கேன்வாஸில் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மவுஸின் நகர்வை எதிர்த்திசையில் அதே கோணத்துக்குச் சுழற்றி, அகலம் எவ்வளவு கூடியது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த எதிர்ப்புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும்படி புதிய நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மேல் இடது மூலையைத் திருத்தி எழுத வேண்டும். மூலைக் கைப்பிடிகளுக்கும் இதே வழிதான். எதிர்ப்பக்கத்துக்குப் பதிலாக எதிர்மூலை. முக்கோணவியலின் முதல் பாடங்களைப் படித்த மாணவரால் செய்ய முடிகிற கணக்கு இது.

இந்த விளக்கத்தை, திரைப்பதிவோடும் சிறு மாதிரி நிரலோடும் தங்கள் சேவைப் பிரிவுக்கு அனுப்பினேன். சுழற்சியின் மையம் செவ்வகத்தின் நடுவில் இருப்பதால் இப்படித்தான் இயங்கும், இது குறை அல்ல என்று பதில் வந்தது. அத்தோடு புகார் மூடப்பட்டது. மூடியதற்கு முன் மாதிரி நிரலை யாராவது ஓட்டிப் பார்த்தார்களா என்று கேட்டு எழுதினேன். அதற்கு மறுமொழி இல்லை. மையம் நடுவில் இருப்பது காரணமே அல்ல. மையத்தை எங்கே வைத்தாலும், அதற்கேற்ப இடத்தைத் திருத்துவதுதான் லைப்ரரியின் வேலை.

1963ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் தமது முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் ஒரு புள்ளியைப் பிடித்து நகர்த்தலாம். இணை, செங்குத்து என்று பயனர் விதித்த கட்டுப்பாடுகளுக்கு ஏற்ப மற்றக் கோடுகள் அடங்கி நின்றன. கைக்குக் கட்டுப்பட்டு நடப்பதுதான் திரையில் வரைவதன் அடிப்படை என்று அன்றே காட்டியாகிவிட்டது. இன்றைய கணினியில் பயனர் தொடாத பக்கம் நகர்வதை ‘இப்படித்தான் இயங்கும்’ என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பயனர்களுக்கு இது கண்ணுக்குத் தெரியும் அசௌகரியத்தோடு முடிவதில்லை. சாய்வான சுவர் ஒன்றை நீட்டினால், மறுமுனை அடுத்த சுவரோடு சேர்ந்திருந்த மூட்டிலிருந்து கழன்றுவிடுகிறது. அறை மூடிய வடிவமாக இல்லாமல் போவதால் பரப்பளவு கணக்கிட முடிவதில்லை. விலகல் சிறிதாக இருக்கும்போது பயனர் கவனிக்காமலேயே கோப்பைச் சேமித்துவிடுகிறார். பிறகு அந்தத் தவறு கோப்போடு பயணிக்கிறது. வேறு வழியின்றி, தங்கள் நிரலின் உட்பகுதியை மாற்றும் ஒட்டு ஒன்றை நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். உள்ளே உள்ள செயற்கூறுகளின் பெயர்கள் மாறுவதால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அந்த ஒட்டு உடைகிறது. நாங்கள் செய்ய வேண்டிய வேலையா இது?

அடுத்தது அன்டூ, அதாவது செய்த செயலைத் திரும்பப் பெறும் வசதி. ஒரு மேசையை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுத்துவிட்டு அன்டூ கொடுத்தால், அது பழைய மூலைக்குத் திரும்ப வேண்டும். பயனருக்கு அது ஒரே செயல். தங்கள் லைப்ரரி மவுஸ் நகரும் ஒவ்வொரு நிகழ்வையும் தனிச் செயலாகப் பதிவு செய்கிறது. அதனால் அன்டூவை அழுத்த அழுத்த மேசை சில பிக்சல்களாக ஊர்ந்து வருகிறது. இதைவிடப் பெரிய கேடு இன்னொன்று உண்டு. அன்டூ வரலாற்றில் 100 செயல்களுக்கு மேல் தங்குவதில்லை. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் சாதாரணத் திரையில் இரண்டு நொடிகள் இழுத்தாலே 100 பதிவுகள் தாண்டிவிடும். அதாவது ஒரே ஒரு இழுப்பு, அதற்கு முன் பயனர் செய்த எல்லாவற்றின் வரலாற்றையும் துடைத்துவிடுகிறது. தவறுதலாக அழித்த சுவரை மீட்க முடியாமல் தவித்த பயனர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அழுத்தும்போதுள்ள நிலையை ஒருமுறையும், விடும்போதுள்ள நிலையை ஒருமுறையும் எடுத்து, இரண்டையும் ஒரே பதிவாக வைத்தால் சிக்கல் தீர்ந்தது. இழுத்துக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால் தொடக்க நிலைக்குத் திரும்பும் வசதியும் இதிலிருந்தே கிடைத்துவிடும்; இப்போது அதுவும் இல்லை.

இழுக்கும் பொருளைக் கட்டக் கோடுகளில் தானாகப் பொருந்தி நிற்கச் செய்யும், கட்டத்தில் ஒட்டும் வசதியிலும் இதே சிந்தனைக் குறைவைக் காண்கிறேன். 10 பிக்சல் கட்டத்தை இயக்கிவிட்டு ஒரு நாற்காலியை மெதுவாக இழுங்கள், அசையவே அசையாது. வேகமாக இழுங்கள், மவுஸை விட்டு விலகித் தாவும். ஒவ்வொரு நிகழ்விலும் வந்த சிறு நகர்வைத் தனித்தனியாக 10இன் மடங்குக்கு முழுமையாக்குவதே காரணம். 3 பிக்சல் நகர்வு ஒவ்வொரு முறையும் பூஜ்யமாகிவிடுகிறது, 7 பிக்சல் நகர்வு 10 ஆகிவிடுகிறது. இழுக்கத் தொடங்கிய இடத்திலிருந்து மொத்த நகர்வைக் கணக்கிட்டு, கடைசியில் கிடைக்கும் இடத்தை மட்டும் கட்டத்துக்கு முழுமையாக்க வேண்டும். தொடக்க நிலையை நினைவில் வைப்பது என்ற ஒரே பழக்கம் இருந்திருந்தால், நான் இதுவரை சொன்ன மூன்று குறைகளும் பிறந்தே இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இழுத்தபடியே கேன்வாஸுக்கு வெளியே போய் மவுஸ் பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால், வடிவம் கர்சரோடு ஒட்டிக்கொண்டே திரிகிறது. இழுக்கும் காலம் முழுவதும் நிகழ்வுகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ள, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு சுட்டி (மவுஸ், விரல், பேனா) நிகழ்வுகளுக்கு வகுத்த தரநிலையில் 2015இலேயே வழி இருக்கிறது. கோட்டைத் தொட்டதாகக் கருதும் எல்லையை 5 அலகு என்று நிலையாக வைத்திருக்கிறீர்கள். 400 சதவீத ஜூமில் அது திரையில் 20 பிக்சல் ஆகி, பக்கத்துக் கோட்டைத் தேர்ந்தெடுக்கிறது. 25 சதவீதத்தில் ஏறத்தாழ ஒரு பிக்சலுக்குச் சுருங்கி, எதையுமே பிடிக்க முடிவதில்லை. அந்த எல்லையை ஜூம் அளவால் வகுத்தால் போதும். கைப்பிடிகளும் 8 பிக்சல் சதுரமாக இருப்பதால் விரலால் தொட்டு வேலை செய்பவர்கள் திணறுகிறார்கள். 2023இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி 2.2, தொடும் இலக்குக்குக் குறைந்தபட்சம் 24க்கு 24 பிக்சல் என்கிறது. கைப்பிடி கண்ணுக்குச் சிறிதாகத் தெரியட்டும். அதைச் சுற்றித் தொடுகையை ஏற்கும் பரப்பையாவது பெரிதாக்குங்கள்.

நல்லதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மறைவான இன்னொரு கேன்வாஸில் ஒவ்வொரு வடிவத்தையும் தனி வண்ணத்தில் வரைந்து, அழுத்திய புள்ளியின் வண்ணத்தைக் கொண்டு வடிவத்தை அடையாளம் காணும் தங்கள் முறை மிகச் சிறப்பானது. வளைந்து நெளிந்த வடிவங்களிலும் அது பிசகுவதில்லை. நூற்றுக்கணக்கான பொருள்கள் நிறைந்த தளத்திலும் வரையும் வேகம் குறைவதில்லை. இவ்வளவு நுணுக்கமாகச் செய்யத் தெரிந்த பொறியாளர்கள் தங்களிடம் இருக்கிறார்கள் என்பதால்தான், வேறு லைப்ரரிக்கு மாறாமல் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எனக்கு வருத்தம் குறைகளால் மட்டும் அல்ல. அவற்றைத் தெளிவாக எடுத்துக் காட்டிய பிறகும் படித்துப் பார்க்காமல் மூடியதால்தான் அதிகம்.

ஆகவே, மூடப்பட்ட புகாரை மீண்டும் திறந்து, நான் அனுப்பிய மாதிரி நிரலை ஒரு பொறியாளர் நேரில் ஓட்டிப் பார்க்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சுழற்றிய வடிவத்தின் அளவு மாற்றத்தையும் அன்டூவையும் அடுத்த பதிப்பிலேயே சரிசெய்ய வேண்டும். மற்றவற்றுக்குக் காலக்கெடு தெரிவித்தால் போதும். திருத்தம் வரும்வரை எங்கள் ஒட்டு உடையாமல் இருக்க, அந்தச் செயற்கூறுகளின் பெயர்களை மாற்றாமல் வைத்திருப்பதாக உறுதி தாருங்கள். ஏற்கெனவே இடம்பெயர்ந்து சேமிக்கப்பட்ட கோப்புகளில் பழைய இடத்தை லைப்ரரியால் மீட்க முடியாது. எனவே இந்தக் குறையைத் தங்கள் பதிப்புக் குறிப்பில் வெளிப்படையாக எழுதி, மற்ற வாடிக்கையாளர்களையும் எச்சரிக்க வேண்டும். இவற்றைச் செய்ய இயலாதென்றால், உரிமக் காலத்தில் எஞ்சியுள்ள பகுதிக்கான கட்டணத்தைத் திருப்பித் தருமாறு கோருகிறேன்.

மாதிரி நிரலையும் திரைப்பதிவையும் மீண்டும் இத்துடன் இணைத்துள்ளேன். கணக்கில் ஐயம் இருந்தால் தங்கள் பொறியாளரோடு நேரடியாகப் பேசி விளக்க ஆயத்தமாக இருக்கிறேன். எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாடிக்கையாளர்

இணைப்பு: மாதிரி நிரல், திரைப்பதிவு, சேவைப் பிரிவின் பதில் நகல்